பைத்தான் சாக்கெட் சிக்கல்கள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

நெட்வொர்க் இணைப்புகளைக் கையாளும் பைத்தானின் சாக்கெட் மாட்யூலில் பிழை வந்தால், பாதி நேரம் அது பைத்தான் சொல்லும் பிழையே இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் சொன்னதைப் பைத்தான் அப்படியே நம் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். 1983-இல் 4.2பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த பைண்ட், லிசன், அக்செப்ட், கனெக்ட் அழைப்புகள்தான் இன்றும் உள்ளே ஓடுகின்றன. அவற்றின் மேல் சி மொழியில் ஓர் உறை, அதற்கும் மேல் பைத்தானிலேயே எழுதிய இன்னோர் உறை. இரண்டும் மெல்லியவை.

அதனால் பிழை வந்ததும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். இதைச் சொன்னது கெர்னலா, பைத்தானின் உறையா, என் நிரலா? அப்புறம், இது எந்தப் பைத்தான் பதிப்பு? இரண்டாவது கேள்வி அற்பமானதாகத் தோன்றும். ஆனால் 3.3 முதல் 3.11 வரை இந்த மாட்யூலில் வந்த திருத்தங்கள், பழைய கைவைத்தியங்கள் பலவற்றை வீணாக்கிவிட்டன. நானே ஒரு நிரலில் ‘குறுக்கிட்டால் மறுபடி முயல்’ என்று இருபது வரி எழுதி, பல வருடம் கழித்து மொத்தத்தையும் அழித்தேன். 3.5-இல் பெப் 475 என்ற பைத்தான் மாற்ற முன்மொழிவு வந்த பிறகு அந்த வேலையைப் பைத்தானே செய்கிறது: சிக்னல் வந்து, கெர்னலுக்குப் போன அழைப்பு (சிஸ்டம் கால்) பாதியில் நின்றால், தானாகவே மறுபடி அழைக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: இணைப்புகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளை, நிரல் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ், நிரல் நிற்கும் வரியை அச்சிட, 3.3 முதல் பைத்தானோடு வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூல். கீழே உள்ள பிழை எண்கள் லினக்ஸுக்கு உரியவை. விண்டோஸ், மேக் வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினால் ‘அட்ரெஸ் ஆல்ரெடி இன் யூஸ்’, எண் 98

மேக்கில் இதே பிழை 48, விண்டோஸில் 10048.

முதலில், அந்தப் போர்ட்டில் (சர்வர் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலில்) உண்மையிலேயே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். எஸ்எஸ் கட்டளையில் ‘லிசன்’ நிலையில் ஒரு வரி வந்தால் பழைய சர்வர் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். அதைக் கொல்லுங்கள், வேலை முடிந்தது.

‘லிசன்’ இல்லை, ஆனால் ‘டைம்-வெயிட்’ என்று வரிகள் இருக்கின்றன என்றால் கதை வேறு. ஒரு டிசிபி இணைப்பை எந்தப் பக்கம் முதலில் மூடுகிறதோ, அந்தப் பக்கத்தில் அந்த இணைப்பின் நினைவு கொஞ்ச நேரம் தங்கும். வழியில் தாமதமான பழைய பாக்கெட் எதுவும் புதிய இணைப்புக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக. லினக்ஸில் இது 60 விநாடி, கெர்னல் மூலத்திலேயே எழுதப்பட்ட எண். ‘டிசிபி-ஃபின்-டைம்அவுட்’ அமைப்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வேறொரு நிலைக்கான அமைப்பு.

மருந்து, பைண்ட் செய்வதற்கு முன் ரீயூஸ்-அட்ரெஸ் விருப்பத்தைப் போடுவது. பின்னால் போட்டால் பயனில்லை. இதை விண்டோஸில் அப்படியே நகலெடுக்கவும் கூடாது. அங்கே அதே பெயருள்ள விருப்பத்துக்கு அர்த்தம் வேறு: உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலின் போர்ட்டிலேயே போய் உட்கார அனுமதி கிடைத்துவிடும். இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டில் இருக்க, இணைப்பு யாரிடம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்றுதான் 2019-இல் வந்த 3.8 பதிப்பில் கிரியேட்_சர்வர் ஃபங்ஷனைச் சேர்த்தார்கள். யூனிக்ஸ் வகைகளில் அது ரீயூஸ்-அட்ரெஸ் போடும், விண்டோஸில் போடாது. பைண்டும் லிசனும் அதுவே செய்துவிடும். புதிதாக எழுதும் சர்வரில் சாக்கெட்டை வெறுங்கையால் உருவாக்க எனக்கு இப்போது ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. சர்வர் செத்துவிட்டது, ஆனால் அது பெற்ற பிள்ளை புராசஸ் லிசன் சாக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது. பெப் 446 வந்த 3.4-க்குப் பிறகு, புதிய நிரலை எக்செக் செய்யும்போது சாக்கெட்டுகள் தானாகக் கைமாறுவதில்லை. ஆனால் எக்செக் இல்லாமல் புராசஸை நகலெடுக்கும் வெறும் ஃபோர்க்கில் பிள்ளைக்கு எல்லாமே போகும். எஸ்எஸ் காட்டும் புராசஸ் எண் உங்கள் சர்வருடையது இல்லை என்றால் இதுதான்.

அறிகுறி: செய்தி பாதியாக வருகிறது, அல்லது இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன

சாக்கெட் நிரல்களில் வரும் பிழைகளுக்கு ஒரு ராஜா உண்டென்றால் அது இதுதான்.

எனக்கு இது புரிந்தது ஓர் எடைமேடையில். லாரி ஏறி நின்றதும் எடைக் கருவி ஒரு எண்ணையும் வரி முடிவையும் நெட்வொர்க் வழியாக அனுப்பும். நான் எழுதிய நிரல் 1024 பைட் கேட்டு ரிசீவ் அழைக்கும், வந்ததை எண்ணாக மாற்றிச் சீட்டு அடிக்கும். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. கேபிளை எடுத்துவிட்டு வயர்லெஸ் இணைப்பு கொடுத்த வாரத்தில், 24,560 கிலோ லாரிக்கு 2,456 கிலோ என்று சீட்டு வந்தது. அடுத்த சீட்டில் எடை 0. மேடையில் இருந்தவர், “தம்பி, லாரி காத்துல மிதக்குதா?” என்று போனில் கேட்டார்.

பதிவை விரித்துப் பார்த்தபோது இருந்தது இது:

முதல் ரிசீவ்: 4 பைட், 2456
இரண்டாம் ரிசீவ்: 3 பைட், 0-வும் வரி முடிவும்

கருவி சரியாகத்தான் அனுப்பியது. நெட்வொர்க்கும் ஒரு பைட்டைக்கூடத் தொலைக்கவில்லை. தப்பு என் அனுமானத்தில் இருந்தது. டிசிபியில் ‘செய்தி’ என்று ஒன்றே கிடையாது, பைட்டுகளின் ஓட்டம் மட்டும்தான். 1024 என்பது ‘அதிகபட்சம் இவ்வளவு கொடு’ என்பதே தவிர, ‘இவ்வளவு வரும்வரை காத்திரு’ என்பது இல்லை. அந்த நேரத்தில் கெர்னலின் தற்காலிகச் சேமிப்பிடமான பஃபரில் என்ன இருக்கிறதோ அது வரும். நாலு பைட் இருந்தால் நாலு, மூன்று செய்தி சேர்ந்திருந்தால் மூன்றும்.

இதற்கு நடுவில் ஸ்லீப் போட்டு ‘கொஞ்சம் பொறுத்து வாங்கு’ என்று சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருகாலத்தில் நானும் அவர்களில் ஒருவன். அது பிழையை அரிதாக்கும், நீக்காது. அரிதான பிழை இன்னும் மோசம்.

சரியான வழி, செய்தி எங்கே முடிகிறது என்பதை நீங்களே வரையறுப்பது. இரண்டு முறைகள் நடைமுறையில் உண்டு.

ஒன்று, முடிவுக்குறி. ஒவ்வொரு செய்திக்கும் கடைசியில் வரி முடிவு. வந்த பைட்டுகளை ஒரு பைட்அரேயில் சேர்த்துக்கொண்டே போய், வரி முடிவு தென்படும்போதெல்லாம் அதுவரை உள்ளதை வெட்டி எடுங்கள், மீதியை அடுத்த சுற்றுக்கு வைத்திருங்கள். இதைக் கையால் எழுத வேண்டாம் என்றால் மேக்ஃபைல் அழைத்து, கோப்பைப் போல ரீட்லைன் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: டைம்அவுட் வைத்த சாக்கெட்டில் மேக்ஃபைல் பயன்படுத்தி, ஒருமுறை டைம்அவுட் ஆகிவிட்டால், அந்த ஃபைல் ஆப்ஜெக்ட் அதற்குப் பிறகு படிக்க மறுத்துவிடும். பஃபரில் பாதி வரி தொக்கி நிற்கலாம் என்பதால் பைத்தானே வேண்டுமென்று பூட்டுகிறது. அப்படி ஆனால் இணைப்பை மூடிப் புதிதாகத் தொடங்குங்கள்.

இரண்டு, நீள முன்னொட்டு. ஸ்ட்ரக்ட் மாட்யூலில் ஆச்சரியக்குறி போட்டு, நெட்வொர்க் வரிசையில் (உயர் பைட் முதலில்) 4 பைட் நீளம் எழுதி, பிறகு உடல். வாங்கும் பக்கம் சரியாக 4 பைட் சேரும்வரை சுற்ற வேண்டும், பிறகு சொன்ன நீளம் சேரும்வரை சுற்ற வேண்டும். நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒருநாள் உங்கள் பதிவில் 1195725856 என்ற நீளம் வந்து நிற்கும். 110 கோடி பைட்டுக்கு மேல்! இந்த எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிடலாம்: யாரோ உங்கள் போர்ட்டை பிரவுசரில் திறந்திருக்கிறார்கள். எச்டிடிபி கோரிக்கையின் முதல் சொல்லான ‘கெட்’, அதன் மூன்று ஆங்கில எழுத்துகள், பின்னால் ஓர் இடைவெளி, ஆக 4 பைட். அதை நீளமாகப் படித்தால் வருவது அந்த எண்.

அனுப்பும் பக்கத்திலும் இதே கதை உண்டு. சென்ட் நீங்கள் கொடுத்ததில் எத்தனை பைட் ஏற்றுக்கொண்டது என்ற எண்ணைத் திருப்பித் தரும். அதைப் பார்க்காமல் விட்டால் வால் தொலையும். சென்ட்ஆல் பயன்படுத்துங்கள், அது முழுவதும் போகும்வரை விடாது.

சோதிப்பது எப்படி? சாக்கெட்பேர் அழைத்தால் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு சாக்கெட்டுகள் கிடைக்கும், 3.5 முதல் விண்டோஸிலும். ஒரு முனையிலிருந்து உங்கள் செய்தியை ஒவ்வொரு பைட்டாக, நடுவில் சிறு இடைவெளி விட்டு அனுப்புங்கள். மறுமுனையில் செய்தி முழுதாக வந்தால் தேறியது. பிறகு மூன்று செய்திகளை ஒட்டி ஒரே சென்ட்ஆலில் அனுப்புங்கள். எடைமேடைக்குப் பிறகு இந்த இரண்டு சோதனைகளும் இல்லாமல் நான் எதையும் நிறுவுவதில்லை.

அறிகுறி: ஆங்கிலத்தில் சரியாக ஓடுகிறது, தமிழ் அனுப்பினால் யூனிகோட்டிகோட்எரர்

மேலே சொன்னதன் தம்பி. நமக்கென்றே பிறந்தது.

யூடிஎஃப்-8-இல் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கலைச்செல்வி’ என்ற பெயரில் ஐகார, எகர, இகரக் குறிகளையும் புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் 11 குறியீடுகள், ஆக 33 பைட். இப்போது 1024-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள்: 341 முழுக் குறியீடுகள், மீதி 1 பைட். இடைவெளி இல்லாத நீண்ட தமிழ்த் தொடரை 1024 பைட்டாக வாங்கினால், 342ஆம் குறியீட்டின் தலை மட்டும் முதல் துண்டில் மாட்டும். 4096 போட்டாலும் மீதி 1, 2048 போட்டால் மீதி 2. இரண்டின் அடுக்கு எதுவும் 3-ஆல் வகுபடாது, பஃபர் அளவை மாற்றித் தப்பிக்க முடியாது.

பிழைச் செய்தியிலேயே கைரேகை இருக்கிறது. 1023ஆம் இடத்தில் 0எக்ஸ்இ0 பைட், ‘அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் டேட்டா’ என்று வரும். தமிழ்க் குறியீடுகள் எல்லாமே இ0 என்ற பைட்டில்தான் தொடங்குகின்றன. அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை டிகோட் செய்தால், 0ஆம் இடத்தில் ‘இன்வேலிட் ஸ்டார்ட் பைட்’. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எழுத்து நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது, அனுப்பியவர் மேல் குற்றமில்லை.

டிகோட் செய்யும்போது ‘இக்னோர்’ போட்டால் பிழை மறையும், எழுத்தும் மறையும். கலைச்செல்வி கலைச்செலவி ஆனபின் அதை டேட்டாபேஸில் தேடி மீட்க யாராலும் முடியாது.

செய்தி முழுதாகச் சேர்ந்த பிறகு ஒரே ஒருமுறை டிகோட் செய்யுங்கள். நீள முன்னொட்டில் போடும் நீளம் பைட் கணக்கு என்பதையும் பாருங்கள். ஸ்ட்ரிங்கின் நீளத்தை எடுத்துப் போட்டால் 33-க்குப் பதில் 11 போகும், மீதி 22 பைட் அடுத்த செய்தியின் தலையில் ஏறும். முடிவே இல்லாத ஓட்டத்தை வந்தவுடன் திரையில் காட்ட வேண்டும் என்றால், கோடெக்ஸ் மாட்யூலில் உள்ள இன்க்ரிமென்டல் டிகோடர் இருக்கிறது. வெட்டுப்பட்ட தலையை அது வைத்திருந்து, அடுத்த துண்டு வந்ததும் ஒட்டிக் கொடுக்கும்.

அறிகுறி: சிபியு 100 சதவீதம், ஆனால் எதுவும் நடக்கவில்லை

ரிசீவ் காலி பைட்டைத் திருப்பித் தந்தால் எதிர்முனை மூடிவிட்டது என்று அர்த்தம். ‘இன்னும் வரவில்லை’ என்று நினைத்து மறுபடி கேட்டால் மறுபடி காலி, உடனே. சுற்றிலிருந்து வெளியே வாருங்கள்.

அறிகுறி: நிரல் அப்படியே தொங்கி நிற்கிறது

பிழையும் இல்லை, பதிலும் இல்லை. எங்கே நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். தொடக்கத்திலேயே ஃபால்ட்ஹேண்ட்லரில் ஒரு சிக்னலைப் பதிந்து வைத்திருந்தால், தொங்கும்போது அந்தச் சிக்னலை அனுப்பினால் எந்த வரியில் நிற்கிறது என்று அச்சிடும். பதியவில்லை என்றால் எஸ்ட்ரேஸை ஓடும் புராசஸோடு ஒட்டவையுங்கள்.

*கனெக்டில் நிற்கிறது.* பைத்தான் சாக்கெட்டுக்கு இயல்பாக டைம்அவுட் கிடையாது, காலவரையின்றிக் காத்திருக்கும். கனெக்டுக்குக் கெர்னல் ஒரு முடிவு வைத்திருக்கிறது. லினக்ஸில் நெடுங்காலம் இருந்து வந்த இயல்பு அமைப்பில் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகி, மொத்தம் 127 விநாடி கழித்து எண் 110, அதாவது காலாவதிப் பிழை, வரும். இரண்டு நிமிடம் என்பது பயனருக்கு ‘தொங்குகிறது’ என்றுதான் தெரியும். கிரியேட்_கனெக்‌ஷனுக்கு டைம்அவுட் கொடுங்கள். ஆனால் அது ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி: பெயருக்கு நான்கு ஐபி முகவரிகள் இருந்து நான்கும் பதில் தராவிட்டால், 10 விநாடி என்பது 40 ஆகும்.

*பெயர் தேடலில் நிற்கிறது.* இதைக் கண்டுபிடிக்கத்தான் பலர் ஒருநாளைத் தொலைக்கிறார்கள். கெட்அட்ரின்ஃபோ சிஸ்டத்தின் ரிசால்வரிடம் போய்க் கேட்கிறது, உங்கள் சாக்கெட் டைம்அவுட்டுக்கு அதன் மேல் அதிகாரமே இல்லை. லினக்ஸில் ஒரு டிஎன்எஸ் சர்வருக்கு 5 விநாடி, 2 முயற்சி என்பது இயல்பு. 3 விநாடி டைம்அவுட் வைத்தும் 10 விநாடி தொங்கினால் இங்கே பாருங்கள்.

*ரிசீவில் நிற்கிறது.* எதிர்முனைக்கு மின்சாரம் போய்விட்டால் அது விடைபெற்றுக்கொண்டா போகும்? உங்கள் கெர்னலைப் பொறுத்தவரை இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது. டைம்அவுட் ஒரு வழி. நெடுநேரம் சும்மா இருப்பதே இயல்பான இணைப்பு என்றால், எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கெர்னலே விசாரிக்கும் கீப்அலைவ் இன்னொரு வழி, ஆனால் அதை இயக்கினால் மட்டும் போதாது. லினக்ஸின் இயல்பு: 7200 விநாடி சும்மா இருந்த பிறகுதான் முதல் விசாரிப்பு, பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கீப்-ஐடில், கீப்-இன்டர்வல், கீப்-கவுண்ட் மூன்றையும் குறைத்து வையுங்கள். மேக்கில் முதலாவதன் பெயர் டிசிபி-கீப்அலைவ், அந்தப் பெயர் பைத்தானில் 3.10 முதல்தான் கிடைக்கிறது.

*டைம்அவுட் வைத்தும் தொங்குகிறது.* டைம்அவுட் ரிசீவ் ஒவ்வொன்றுக்கும் தனி. 10 விநாடி வைத்திருக்கிறீர்கள், எதிர்முனை 9 விநாடிக்கு ஒரு பைட்டாகச் சொட்டுகிறது: 1000 பைட்டுக்கு இரண்டரை மணி நேரம், ஒரு டைம்அவுட்டும் வராது. செய்தி முழுமைக்கும் கெடு வேண்டும் என்றால், டைம் மாட்யூலின் மோனோடோனிக் கடிகாரத்தில் முடிவு நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ரிசீவுக்கும் முன் மீதி நேரத்தைச் செட்டைம்அவுட்டில் போடுங்கள். சென்ட்ஆலும் முன்பு இப்படித்தான் இருந்தது. 3.5-இல் அதன் டைம்அவுட்டை மொத்தக் கெடுவாக மாற்றிவிட்டார்கள். ரிசீவுக்கு அந்தச் சலுகை இல்லை. சென்ட்ஆலுக்கு ஜோடியாக ஒரு ‘ரிசீவ்ஆல்’ அந்த மாட்யூலில் இல்லாத குறைதான், வேறென்ன.

அறிகுறி: டைம்அவுட்டைப் பிடிக்க எக்செப்ட் எழுதியும் பிடிபடவில்லை

பதிப்பைப் பாருங்கள். 3.3-இல் பெப் 3151 பல பிழை வகைகளை ஓஎஸ்எரர் குடையின் கீழ் கொண்டுவந்தது. சாக்கெட்.எரர் என்பது அதன் மறுபெயர் ஆனது. ஆனால் சாக்கெட்.டைம்அவுட் மட்டும் பல வருடம் தனிக்குடித்தனம் இருந்தது. அதாவது கெர்னல் சொல்லும் காலாவதி, எண் 110, டைம்அவுட்எரர் என்ற வகை. நீங்கள் வைத்த டைம்அவுட் தீர்ந்தால் வருவது சாக்கெட்.டைம்அவுட் என்ற வேறு வகை. ஒன்றை மட்டும் பிடித்தவர்கள் மற்றதைத் தவறவிட்டார்கள். 2021-இல் வந்த 3.10-இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இப்போது டைம்அவுட்எரர் மட்டும் பிடித்தால் போதும். எது எது என்று பிரித்தறிய வேண்டுமென்றால் பிழை எண்ணை வைத்திருக்கும் எர்ர்நோ பாருங்கள்: கெர்னல் சொன்னதில் 110 இருக்கும், நீங்கள் வைத்ததில் எண் எதுவும் இல்லாமல் காலியாக இருக்கும். 3.9-ஐயும் ஆதரிக்க வேண்டும் என்றால் சாக்கெட்.டைம்அவுட் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஓஎஸ்எரரை மேலேயும் டைம்அவுட்எரரைக் கீழேயும் எழுதியிருந்தால் எந்தப் பதிப்பிலும் கீழே உள்ளது ஓடாது. தாய் வகை மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்.

அறிகுறி: விண்டோஸில் லோக்கல்ஹோஸ்ட்டோடு இணைய மட்டும் சுமார் 2 விநாடி

சர்வர் 127.0.0.1-இல் மட்டும் கேட்கிறது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரோ முதலில் ஐபிவி6 முகவரிக்குப் போகிறது. கிரியேட்_கனெக்‌ஷன் பட்டியலை வரிசையாக, ஒன்று தோற்ற பிறகே அடுத்தது என்று முயலும். ‘இங்கே யாரும் இல்லை’ என்று பதில் வந்தாலும் விண்டோஸ் உடனே நம்பாமல் சில முறை தட்டிப் பார்க்கும், நேரம் அங்கேதான் போகிறது. 127.0.0.1 என்று நேராக எழுதுங்கள், அல்லது கிரியேட்_சர்வரில் டூயல்ஸ்டாக் விருப்பத்தை இயக்கி இரண்டு வகையிலும் கேளுங்கள்.

பல முகவரிகள் தோற்றால் இயல்பாகக் கடைசி முகவரியின் பிழை மட்டும்தான் வெளியே தெரியும். உண்மையான காரணம் முதலாவதில் இருக்கலாம். 3.11 முதல் ஆல்_எரர்ஸ் என்று கொடுத்தால் எல்லாப் பிழைகளும் ஒரே கட்டாக வரும். பிழை தேடும்போது இது பெரிய உதவி.

அறிகுறி: சின்னச் சின்னச் செய்திகள், ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிவிநாடி

சரியாக 40-ஐ ஒட்டி நின்றால் நெட்வொர்க் தூரத்தைக் குறை சொல்லாதீர்கள். ஜான் நேகிள் 1984-இல் ஆர்எஃப்சி 896 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் எழுதிய வழி இது: முன்பு அனுப்பியதற்கு ஒப்புதல் வரும்வரை அடுத்த சிறு துண்டை அனுப்பாதே. மறுமுனையிலோ, ஒப்புதலைக் கொஞ்சம் தாமதித்து, பதிலோடு சேர்த்து அனுப்பலாம் என்ற இன்னொரு சிக்கனம். ‘நீ முதலில்’, ‘இல்லை நீ முதலில்’ என்று இருவரும் வாசலில் நிற்கிறார்கள். தலைப்பை ஒரு சென்ட்ஆல், உடலை இன்னொரு சென்ட்ஆல், பிறகு பதிலுக்குக் காத்திருப்பு என்று எழுதியிருந்தால் இதில் கட்டாயம் மாட்டுவீர்கள்.

இரண்டையும் ஒட்டி ஒரே சென்ட்ஆலில் அனுப்புங்கள். அது முடியாத இடத்தில், நேகிளின் வழியை நிறுத்தும் நோடிலே விருப்பத்தைப் போடுங்கள். பைத்தானின் இன்னொரு மாட்யூலான அசிங்க்ஐஓ 3.6 முதல் இதை இயல்பாகவே போடுகிறது. அசிங்க்ஐஓவில் வேகமாக ஓடியது வெறும் சாக்கெட்டில் மெதுவாகிறதே என்று குழம்புபவர்களுக்குப் பாதி விடை இதில் இருக்கும்.

அறிகுறி: கடைசிச் செய்தி போய்ச் சேரவில்லை, எதிர்முனையில் ‘கனெக்‌ஷன் ரீசெட்’, எண் 104

சென்ட்ஆல் பிழையில்லாமல் முடிந்தது என்றால் செய்தி உங்கள் கெர்னலின் பஃபருக்குப் போய்விட்டது என்று மட்டும்தான் அர்த்தம். எதிர்முனை படித்துவிட்டது என்று இல்லை.

இதில் லினக்ஸின் ஒரு குணம் உண்டு: படிக்காத பைட்டுகள் உங்கள் பக்கப் பஃபரில் கிடக்கும்போது குளோஸ் செய்தால், அமைதியாக விடைபெறாமல், இணைப்பை முறிக்கும் ரீசெட் அனுப்பும். அந்த ரீசெட் எதிர்முனையை அடைந்தால், நீங்கள் முன்பே அனுப்பி அங்கே இன்னும் படிக்கப்படாமல் இருந்த செய்தியும் போய்விடக்கூடும். கோரிக்கை மிகப் பெரியது என்று பாதியில் நிராகரித்து, பிழைச் செய்தி அனுப்பிவிட்டு உடனே மூடும் சர்வர்களில் இது அடிக்கடி வரும். கிளையன்ட்டுக்குப் பிழைச் செய்தி தெரியாது, ரீசெட் மட்டும் தெரியும்.

மூடும் முறை: அனுப்பி முடித்ததும் ஷட்டவுனில் எழுதும் பக்கத்தை மட்டும் மூடுங்கள். காலி பைட் வரும்வரை, ஒரு கெடுவோடு, படித்துக் கொட்டுங்கள். அப்புறம் குளோஸ்.

இதன் மறுபக்கம் எண் 32, ‘புரோக்கன் பைப்’. எதிர்முனை மூடிய பிறகும் முதல் சென்ட் வெற்றி பெறும், அதற்குப் பதிலாக ரீசெட் வரும், இரண்டாவது சென்ட்தான் விழும். விழுந்த வரியைப் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய சென்ட் எப்போது போனது என்று பாருங்கள்.

அறிகுறி: சில நாள் ஓடிய பிறகு ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’, எண் 24

சாக்கெட்டும் திறந்த கோப்பாகவே கணக்காகும். ஒரு புராசஸுக்கு வரம்பு பெரும்பாலும் 1024. அதை உயர்த்துவதற்கு முன் எஸ்எஸ் எடுத்து ‘குளோஸ்-வெயிட்’ எத்தனை என்று எண்ணுங்கள். டைம்-வெயிட் ஆயிரம் இருந்தாலும் கவலையில்லை, அதற்கு உங்கள் புராசஸில் கோப்பு எண் செலவாகாது. குளோஸ்-வெயிட் என்றால் எதிர்முனை மூடிவிட்டது, உங்கள் நிரல் இன்னும் மூடவில்லை. அது ஏறிக்கொண்டே போனால் ஒழுகல் உங்கள் வீட்டில்தான்.

பைத்தானை டெவ் பயன்முறையில் ஓட்டினால், மூடாமல் கைவிட்ட சாக்கெட்டுக்கு ரிசோர்ஸ்வார்னிங் வரும். நினைவக ஒதுக்கீட்டைத் தடம்பிடிக்கும் ட்ரேஸ்மாலாக்கையும் இயக்கினால் அந்தச் சாக்கெட் பிறந்த வரியும் சேர்ந்து வரும். நான் கண்ட ஒழுகல்களில் முக்கால்வாசி, இணைத்த பிறகு நடக்கும் தொடக்கப் பேச்சான ஹேண்ட்ஷேக்கில் பிழை வந்து, குளோஸ் இருக்கும் வரிக்கே போகாமல் வெளியேறியவை. 3.2 முதல் சாக்கெட்டை வித் கூற்றில் வைக்கலாம், வையுங்கள்.

குளோஸ் செய்தும் மூடவில்லையா? மேக்ஃபைல் தந்த ஆப்ஜெக்டைத் தேடுங்கள். அது திறந்திருக்கும்வரை பைத்தான் உண்மையான சாக்கெட்டை மூடாது.

வரம்பை உயர்த்திய பிறகு செலக்டில் வேல்யூஎரர் வந்தால், அந்தப் பழைய செலக்ட் அழைப்புக்கு 1023-க்கு மேற்பட்ட கோப்பு எண் புரியாது. செலக்டர்ஸ் மாட்யூலுக்கு மாறுங்கள், 3.4 முதல் இருக்கிறது. லினக்ஸில் ஈபோலையும் மேக்கில் கேக்யூவையும் அதுவே தேர்ந்தெடுக்கும்.

சில்லறை

‘பைட்ஸ்-லைக் ஆப்ஜெக்ட் தேவை, ஸ்ட்ரிங் இல்லை’ என்ற டைப்எரர்: என்கோட் செய்ய மறந்துவிட்டீர்கள்.

எண் 13, அனுமதி மறுப்பு: லினக்ஸில் 1024-க்குக் கீழான போர்ட்டுக்குத் தனி உரிமை வேண்டும். 8080 எடுங்கள், முன்னால் ஒரு பிராக்ஸி வையுங்கள். இதற்காக ரூட்டாக ஓட்டாதீர்கள்.

டாக்கருக்குள் ஓடுகிறது, வெளியிலிருந்து எண் 111 (இணைப்பு மறுப்பு) அல்லது ரீசெட்: 127.0.0.1-இல் கேட்கிறீர்கள். அது அந்தக் கன்டெய்னரின் சொந்த முகவரி. 0.0.0.0 போடுங்கள்.

இணைப்பு இல்லாமல் தனித்தனிப் பாக்கெட்டாக அனுப்பும் யுடிபியில் செய்தியின் வால் காணவில்லை: அங்கே டிசிபிக்கு நேரெதிர், செய்திக்கு எல்லை உண்டு. 1400 பைட் பாக்கெட் வந்து நீங்கள் 1024 மட்டும் கேட்டால், மீதி 376-ஐ லினக்ஸ் சத்தமில்லாமல் எறிந்துவிடும். விண்டோஸ் 10040 என்று பிழையாவது சொல்லும். 65535 கேளுங்கள், ஐபிவி4-இல் ஒரு யுடிபி பாக்கெட்டின் உள்ளடக்கம் 65507 பைட்டைத் தாண்டாது.